மகளை தேசிய அணிவரை கொண்டு போக: ஒரு வலைப்பந்துக் கோச் பெற்றோருக்குச் சொல்வது

வெள்ளவத்தையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்குகிறேன். "என்ட மகளுக்கு நேஷனல் டீம்ல இடம் கிடைக்குமா மிஸ்?" என்று கேட்பவர்கள் அடுத்ததாக உயரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இரண்டு மீற்றருக்கு மேல் உயரம், உண்மைதான். ஆனால் 2009இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் இருந்தவர், 2018இல் மறுபடி வென்றபோதும் கோல் போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு காலம் நின்று ஆட உயரம் மட்டும் போதாது. நான் பார்த்தவரை, திறமையான பிள்ளைகள் பலர் பதினைந்து வயதில் மைதானத்தை விட்டுப் போகிறார்கள். அந்த வயதைக் கடத்திவிடுவதுதான் உங்கள் வேலை.

முதலில் சாப்பாடு. பாடசாலை முடிந்து வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு வந்து, அங்கிருந்து நேரே டியூஷனுக்கு ஓடும் பிள்ளை வளரவே மாட்டாள். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் பாணும் வாழைப்பழமும், இல்லையென்றால் அவித்த கௌபி. முடிந்த கையோடு முட்டை, மீன், பருப்பு ஏதாவது சேர்த்துச் சோறு. இரும்புச்சத்துக்கு ஈரல், கீரை, நெத்தலி. கீரையில் தேசிக்காய்ப் புளி விட்டால் இன்னும் நன்றாக உடலில் சேரும். சோற்றோடு பிளேன்டீ வேண்டாம், அது இரும்பைச் சேரவிடாது. பிள்ளை எப்போதும் களைப்பாக இருந்தால் இரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டினையும், அதாவது உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவையும், பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு இருப்பு குறைந்திருக்கலாம்.

இதைக் கூச்சப்படாமல் பேச வேண்டும்: மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் "கடும் பயிற்சி, அப்படித்தான்" என்று விடாதீர்கள். செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். எலும்பு பலவீனமாகி விரிசல் விழும். உடனே டொக்டரிடம் காட்டுங்கள். அம்மாமார் திகதியைக் குறித்து வைத்தால் நல்லது.

அப்புறம் முழங்கால். வலைப்பந்தில் பாய்ந்து பந்தைப் பிடித்ததும் சட்டென்று நிற்க வேண்டும். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் ஏசிஎல் என்ற நார் கிழிவது பெண் பிள்ளைகளுக்கே அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயாமல், மடங்கி, சத்தமில்லாமல் இறங்கப் பழக வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் பத்து நிமிடம் இதற்கென்றே ஒதுக்குங்கள். அவசரமென்று எந்தக் கோச்சாவது இதை விட்டால் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஓ.எல். (சாதாரண தரச் சோதனை) வருடம்தான் பெரிய கண்டம். டியூஷனுக்காக முழுதாக நிறுத்திவிடாதீர்கள். இலங்கை ஓட்ட வீராங்கனை தருஷி கருணாரத்ன 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 800 மீற்றர் தங்கம் வென்றபோது வயது 18. பதினாறில் நிறுத்தியிருந்தால் அந்த ஓட்டம் ஏது? சோதனை மாதங்களில் வாரம் இரண்டு நாளாகக் குறையுங்கள், பந்து கையை விட்டுப் போகாது. இரவு வகுப்பு ஒன்றைக் குறைத்து எட்டு மணி நேரமாவது தூங்க விடுங்கள். எந்த வகுப்பைக் குறைப்பது என்று அவளையே கேளுங்கள்.