கடல்நீர்த் தொட்டியில் பாசி: வாளியில் தொடங்கும் தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் கடல்மீன் தொட்டியின் படத்தை எனக்கு அனுப்பி, பாறை முழுவதும் பச்சை முடி முளைத்ததுபோல் ஆகிவிட்டது, எந்த மருந்தை ஊற்றலாம் என்று கேட்டிருந்தார். இதே கேள்வியோடு சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் பல மாதங்கள் ஏறி இறங்கியவன் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கை நெடுநேரம் எரிப்பது, இரையை அள்ளிப் போடுவது ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் எச்சரித்துவிடுகிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மருந்து

ஊற்றாதீர்கள். செத்த பாசி அழுகும்போது, தான் உறிஞ்சிய சத்து முழுவதையும் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

சமையலறை ஆர்.ஓ. நீரை ஊற்றுவது

சென்னை வெயிலில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்கக் கட்டுப்படியாகாமல், நம்மில் பலர் தொட்டியின் மேற்பரப்பை நோக்கி மின்விசிறியைத் திருப்பி வைக்கிறோம். நீர் ஆவியாவதால்தான் தொட்டி குளிர்கிறது; என்னுடைய 300 லிட்டர் தொட்டியில் கோடையில் நாளொன்றுக்கு 4 லிட்டர் வரை குறையும். உப்பு ஆவியாவதில்லை என்பதால், குறைந்த அளவுக்கு நன்னீரை ஊற்றி ஈடுசெய்ய வேண்டும் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். ஊற்றும் நீரில் கரைந்து வரும் மற்றவையும் ஆவியாவதில்லை என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஆண்டு முழுவதும் இதே அளவு என்று வைத்துக்கொண்டால் 1,460 லிட்டர். தொட்டியின் கொள்ளளவைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு நீர் சுமந்து வந்த, பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கின்றன.

குழந்தைகள் குடிக்கும் நீர் மீனுக்கு ஆகாதா என்று நானும் வாதாடியிருக்கிறேன். குடிநீருக்கான ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில், சுவைக்காக வடிகட்டாத நீரில் ஒரு பங்கைத் திரும்பக் கலந்துவிடும் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ளவற்றின் மொத்த அளவு) கண்ட்ரோலர் என்றொரு திருகு இருப்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவது போர்வெல் நீர். கழிவுநீர் கசியும் நகர நிலத்தடி நீரில் நைட்ரேட் இருப்பது வியப்பன்று. முதலில் சிலிக்கேட்டைக் கொண்டு வளரும் டயாட்டம் என்னும் நுண்பாசியின் பழுப்புப் படலம் படிந்தது; பிறகு முடிப்பாசி வந்தது. நத்தை வாங்கினேன், பாஸ்பேட் உறிஞ்சும் துகள்கள் வாங்கினேன், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரைக்கூடப் பெரிதாக மாற்றினேன். ஊற்றுகிற நீரைச் சோதித்தீர்களா என்று ஒரு கடைக்காரர்கூடக் கேட்கவில்லை என்பது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. எனக்கே தோன்றவில்லை என்பது அதைவிட எரிச்சல். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 500 ரூபாய்கூடப் பெறாத டி.டி.எஸ். மீட்டரை வாளிக்குள் விட்டபோது 90 என்று காட்டியது. அங்கே இருக்க வேண்டிய எண் 0. படம் அனுப்பிய இளைஞரையும் அளக்கச் சொன்னேன். 74 என்று பதில் வந்தது.

திருகை மூடினால் மட்டும் போதாது. ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வைத் தாண்டி வருவது தீர, அதற்குப் பின்னால், கரைந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றைத் தனியாகப் பொருத்த வேண்டும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: நீரில் கரைந்த சிலிக்கா பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாதது என்பதால் மீட்டருக்குப் புலப்படாது; ரெசின் தளரும்போது முதலில் நழுவுவனவற்றுள் அதுவும் ஒன்று. ஆகவே மீட்டர் 1 காட்டிய அன்றே நான் ரெசினை மாற்றிவிடுகிறேன். நீரைச் சரிசெய்த மறுவாரமே பாசி மறையும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பழைய இரையிலிருந்து வந்த பாஸ்பேட் சுண்ணாம்புப் பாறையில் படிந்திருக்கும். நீரில் அளவு குறையக் குறையப் பாறை அதைச் சிறிது சிறிதாக வெளிவிடும். எனக்கு இதற்கே பல மாதங்கள் ஆயின.

டெஸ்ட் கிட் சொல்வதை அப்படியே நம்புவது

பாசி மண்டிய தொட்டியில் பாஸ்பேட் 0 என்று வந்தால், அது இல்லை என்று பொருளன்று. பாசி தின்றுவிட்டது என்று பொருள்.

பூஜ்யத்தைத் துரத்துவது

இது ஊற்றும் நீரைச் சரிசெய்தவர்கள் அடுத்துச் செய்யும் தவறு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு தீர்ந்த தொட்டியில், போட்டிக்கு வேறெதுவும் தழைக்காத நிலையில், டைனோஃப்ளாஜெலேட் என்னும் நுண்ணுயிர் குமிழிகளோடு கூடிய பழுப்புச் சளிபோல் படர்வதுண்டு. அதைக் காட்டிலும் முடிப்பாசி எவ்வளவோ மேல். நைட்ரேட்டை 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5 பங்கு) அளவிலும், பாஸ்பேட்டை 0.03-க்கும் 0.1-க்கும் இடையிலும் வைத்திருப்பது என் வழக்கம்.

கரையோரக் கடல்நீர்

கூவமும் அடையாறும் கடலில் கலக்கும் இடங்களுக்கு அருகில் அள்ள வேண்டாம். மழைக்காலத்தில் அறவே வேண்டாம்.

நத்தையிடம் எல்லாவற்றையும் விட்டுவிடுவது

டர்போ, டிரோக்கஸ் நத்தைகள் குட்டையான பாசியை மேய்ந்து பாறையைத் தூய்மையாக வைத்திருக்கும். விரல் நீளம் வளர்ந்துவிட்டதை அவை பெரும்பாலும் சீண்டுவதில்லை. முதலில் நாம்தான் கையால் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போது அறுந்த துணுக்குகள் மிதந்து போய் வேறிடத்தில் வேர்பிடிக்கும் என்பதால், நீர் மாற்றும் நாளில், உறிஞ்சு குழாயின் வாயை மறு கையில் பாசிக்கு அருகிலேயே பிடித்துக்கொண்டு இழுப்பது நல்லது. குழாயின் மறுமுனையில் ஒரு துணிப்பையைக் கட்டிவிட்டால் எவ்வளவு வெளியேறியது என்பதும் தெரியும்.