அழகு விளம்பரத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? ஆண்களுக்கு ஒரு வழிகாட்டி

முகப்பூச்சு, ஷாம்பு, சோப்பு, பட்டுப்புடவை, நகை எனப் பெண்களுக்காக எடுக்கப்படும் விளம்பரங்களைப் பெண்களின் விவகாரம் என்று நினைத்து ஆண்களாகிய நாம் கடந்துபோய்விடுகிறோம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை விற்பது ஓர் ஆணின் பார்வையைத்தான். இதை வாங்கினால் அவன் உன்னைத் திரும்பிப் பார்ப்பான் என்று பெண்ணிடம் சொல்லும் அதே முப்பது நொடிகளில், திரும்பிப் பார்க்கத் தகுந்தவள் எப்படி இருப்பாள் என்ற பாடம் நமக்கும் நடத்தப்படுகிறது. ஆகவே இந்த விளம்பரங்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பெண்களைவிட ஆண்களுக்கே அவசரமாகத் தேவைப்படுகிறது என்று நான் கருதுகிறேன்.

தொடங்குவதற்கு ஒரே ஒரு விளம்பரம் போதும். யூடியூபில் எடுத்து, முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாட்டும் பின்னணிக் குரலும் நின்றுவிட்டால், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் மிஞ்சும். இரண்டாவது முறை, அதில் வரும் ஆணைத் தேடுங்கள். ஷாம்பு விளம்பரம் என்றால் அவன் பெரும்பாலும் ஓரத்தில் இருப்பான்: லிஃப்ட் கதவு திறக்கிறது, கூந்தல் மெதுவாக அசைகிறது, கையில் கோப்புடன் நிற்கும் இளைஞன் பேச்சை மறந்து நிற்கிறான். அவனுக்குப் பெயரும் வசனமும் இல்லை. இரண்டு நொடிகள்தான் வருகிறான். இருந்தாலும் அவனை வெட்டி எடுத்துவிட்டுக் கதையை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். தலைக்குக் குளித்த ஒரு பெண் லிஃப்டிலிருந்து இறங்கி வேலைக்குப் போகிறாள், அவ்வளவுதான். அந்த இரண்டு நொடிப் பார்வையில்தான் விற்பனை நடக்கிறது.

ஆணே தோன்றாத விளம்பரங்களும் உண்டு. அங்கே அவனுடைய இடத்தைக் கேமரா எடுத்துக்கொள்கிறது. பெண்ணின் உடல் துண்டு துண்டாகக் காட்டப்படுகிறதா, கழுத்து, இடுப்பு, கணுக்கால் என்று தனித்தனியாக வருகிறதா, அவள் முகம் எந்த நொடியில் முழுமையாகத் தெரிகிறது என்று கவனியுங்கள். பிறகு அதே கோணங்களில், அதே வேகத்தில், உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆணைக் கற்பனை செய்துபாருங்கள். கூச்சமாக இருந்தால், அந்தக் கேமரா யாருடைய கண்ணாக நின்றது என்பது விளங்கிவிடும்.

அடுத்து, கதையின் முடிவில் அவளுக்கு என்ன பரிசு கிடைக்கிறது என்று பாருங்கள். இதற்கு இந்தியச் சிவப்பழகு க்ரீம் விளம்பரங்களைவிடத் தெளிவான பாடநூல் இல்லை. 1975-இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விளம்பரங்களில் மிகுந்த எதிர்ப்பைச் சந்தித்த ஒன்றில், வறுமையில் வாடும் தந்தை தனக்கு ஒரு மகன் இருந்திருக்கக் கூடாதா என்று புலம்புகிறார். அது மகளின் காதில் விழுகிறது. அவள் க்ரீம் பூசுகிறாள், வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள், தந்தையை உயர்தர ஓட்டலுக்கு அழைத்துச் செல்கிறாள். மகனுக்கு ஈடாக ஒரு மகள் நிற்க வேண்டுமானால் முதலில் அவள் தோல் வெளுக்க வேண்டும் என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. இங்கே பார்வையாளனாக இருப்பவர் காதலன்கூட இல்லை, பெற்ற தகப்பன் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடர்ந்து போராடியதன் பலனாக 2003-இல் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது.

‘முன்’, ‘பின்’ படங்கள் இருந்தால் அங்கே சற்று நின்று நிதானமாகப் பாருங்கள். இரண்டு படங்களையும் நிறுத்தி வைத்து, தோலை விட்டுவிட்டு மற்றவற்றை ஒப்பிடுங்கள். முதல் படத்தில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்து கண்ணுக்கடியில் நிழல் கட்டும், தலை குனிந்திருக்கும், துப்பட்டா மங்கிய நிறத்தில் இருக்கும். இரண்டாவதில் வெளிச்சம் நேராக முகத்தில் விழும். உதட்டில் சாயம், நெற்றியில் புதுப் பொட்டு, நிமிர்ந்த கழுத்து. பெரும்பகுதி மாற்றத்தை விளக்கு வெளிச்சமும் ஒப்பனையும் செய்து முடித்திருக்கும், க்ரீமுக்கு அங்கே வேலையே இருக்காது. ஃபேர் அண்ட் லவ்லியின் உறையிலிருந்து இந்த ஒப்பீட்டு முகங்களும் நிற அளவுகோலும் 2019-இல்தான் நீக்கப்பட்டன. 2020 ஜூலையில் பெயரும் க்ளோ அண்ட் லவ்லி என்று மாறியது. பெயர் மாறிய பின் வரும் விளம்பரங்களில் ‘பொலிவு’, ‘ஒளி’, ‘பளபளப்பு’ என்ற சொற்கள் வரும்போது, திரையில் முகம் வெளுக்கிறதா என்று பாருங்கள். சொல்லை நம்பாமல் படத்தை நம்புவதே இங்கு சரியான முறை.

வெளுத்த நிறமே அழகு என்ற இந்த அளவுகோல் என்றென்றும் இருந்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாந்தளிர் போன்ற மாமை நிறம். பிரிவுத் துயரில் மேனி வெளிறிப் பசலை படர்வதுதான் அழகின் கேடு. பின்னாளில் இது தலைகீழாகிப் போனதற்குச் சாதியும் வெள்ளையர் ஆட்சியும் திரைப்படமும் எனப் பல காரணங்கள் உண்டு. அத்தனையையும் விளம்பரத்தின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. இருந்த தாழ்வுணர்ச்சியை நாள்தோறும் வீட்டுக்குள் கொண்டுவந்து, அதற்கு விலைச்சீட்டு ஒட்டியது விளம்பரம்.

பெண்ணை அளக்க எடுத்த கோல் ஆண் பக்கமும் திரும்பும் என்பதையும் கவனிக்க வேண்டும். 2005-இல் இமாமி நிறுவனம் ஆண்களுக்கென்றே ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் க்ரீமைக் கொண்டுவந்தது. ஷாருக் கான் நடித்த அதன் விளம்பரத்தில், பெண்களின் க்ரீமைத் திருட்டுத்தனமாகப் பூசும் இளைஞனுக்கு, உனக்கென்று தனி க்ரீம் இருக்கிறது என்று அறிவுரை சொல்லப்படுகிறது. நம்மைப் பார்ப்பதற்கும் இப்போது ஒருத்தி நிறுத்தப்பட்டுவிட்டாள். இதில் ஒரு சமத்துவமும் இல்லை; சந்தை பெரிதானது, அவ்வளவே.

இனி கடினமான பகுதி. விளம்பரத்தைப் பார்த்த கண்ணால் நம்மைப் பார்க்க வேண்டும். ஒருத்தி அழகாக இருக்கிறாள் என்று மனம் ஈர்க்கப்படுவதில் குற்றம் ஏதுமில்லை. அதற்காக வெட்கப்பட வேண்டியதும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்களுக்கு உடனே அழகாகத் தோன்றிய கடைசிச் சில முகங்கள் எல்லாம் ஒரே நிறம், ஒரே மூக்கு, ஒரே வயது, ஒரே இடையாக இருந்தனவா? உங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறும் பெண்களில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெண் பார்த்துவிட்டு வந்து “பொண்ணு நல்லாத்தான் இருக்கு, கலர்தான் கொஞ்சம் கம்மி” என்று வீட்டில் யாரேனும் சொல்லும்போது, மாப்பிள்ளையாகவோ அண்ணனாகவோ அங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பேசாமல் இருப்பது சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். “கலரைப் பற்றிப் பேச வேண்டாம், அத்தை” என்று அந்த இடத்திலேயே, மரியாதையோடு, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுவது நல்லது. மகளுக்கு முன்னால் திரையில் வரும் பெண்களின் நிறத்தையும் எடையையும் விமர்சிப்பதையும் இன்றே நிறுத்திவிடலாம். அந்தக் கருத்து தன்னைப் பற்றியது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள்.

எல்லை மீறிய விளம்பரத்தைக் கண்டால் புகார் அளியுங்கள். 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள், பெண்ணை இழிவுபடுத்தும் விளம்பரத்தைத் தடை செய்கின்றன. பணிந்து அடங்கியிருப்பதே அவள் இயல்பு என்று வலியுறுத்தி, குடும்பத்திலும் சமூகத்திலும் அவளை இரண்டாம் இடத்தில் வைப்பதும் அவற்றின்படி கூடாது. 1985-இல் தொழில்துறையினரே அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், சரும வெளுப்புப் பொருட்களுக்கென 2014-இல் தனி நெறிமுறை வகுத்தது. கருத்த நிறம் உடையவரைக் கவர்ச்சியற்றவராகவோ துயரத்தில் இருப்பவராகவோ காட்டுவதும், திருமணத்திலும் வேலையிலும் பின்தங்குபவராகச் சித்தரிப்பதும் அதன்படி தவறு. கவுன்சிலுக்கு இணையதளம் வழியாகக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். புகாருக்குப் பலன் இருக்குமா என்று சந்தேகப்படுபவர்கள் 2022 ஜூனை நினைத்துப் பார்க்கலாம்: ஆண்களுக்கான ஒரு பாடி ஸ்பிரே விளம்பரம் பாலியல் வன்முறையின் அச்சத்தையே வேடிக்கையாக்கியபோது, எழுந்த கண்டனத்தைத் தொடர்ந்து, அதை நீக்கும்படி ட்விட்டருக்கும் யூடியூபுக்கும் தகவல் ஒளிபரப்பு அமைச்சகம் உத்தரவிட்டது.

புகாரில் ‘பெண்களை இழிவுபடுத்துகிறது’ என்று பொதுவாக எழுதினால் பயன் குறைவு. எந்த அலைவரிசை, எந்தத் தேதி, எந்த நேரம், எந்த மொழி என்பதைக் குறிப்பிடுங்கள். இணையத்தில் வந்ததென்றால் இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வையுங்கள், ஏனெனில் எதிர்ப்பு எழுந்ததும் காணொளி நீக்கப்பட்டுவிடலாம். பிறகு, ஆட்சேபத்துக்குரிய காட்சியை உள்ளபடி விவரியுங்கள்: கருத்த முகத்துடன் இருக்கும்போது அவள் நேர்காணலில் நிராகரிக்கப்படுகிறாள், க்ரீம் பூசி வெளுத்த பிறகு அதே அதிகாரி எழுந்து நின்று கைகொடுக்கிறார் என்று எழுதி, அது நெறிமுறையின் எந்தப் பகுதிக்கு எதிரானது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து அனுப்புங்கள்.