கையால செஞ்ச பீங்கான் பாத்திரம் இன்னும் வாங்கலாமா? வாங்குறதுக்கு முன்னாடி கவுத்துப் பாருங்க

தட்டு, கப், கிண்ணம் வாங்கப் போறவங்க யாரா இருந்தாலும் நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான், கையில எடுத்த உடனே கவுத்துப் பாருங்க. மேல இருக்குற பூவும் கலரும் எப்படியும் கண்ணுல பட்டுரும், ஆனா அது எத்தனை வருஷம் உழைக்கும்னு அடிப்பக்கத்தப் பாத்தாதான் தெரியும்.

இப்ப லேசான கண்ணாடித் தட்டு, மெலமைன் தட்டு எல்லாம் எங்க பாத்தாலும் கிடைக்குது, அப்புறம் எதுக்கு சூளையில சுட்ட கனமான பழைய பாணி பாத்திரத்துக்கு அவ்ளோ காசு குடுக்கணும்னு கேக்குறாங்க. என்னைக் கேட்டா தாராளமா வாங்கலாம், ஆனா "கையால செஞ்சது"ங்கற ஒரு வார்த்தைய மட்டும் நம்பி வாங்காதீங்க. கையால வனைஞ்சதுலயும் ரெண்டு வருஷம் தாங்காதது இருக்கு, ஃபேக்டரியில அச்சுல அழுத்துனதுலயும் பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் வர்றது இருக்கு. என்ன மண்ணு, எவ்ளோ சூட்டுல சுட்டாங்க, மேல பூசுன கிளேஸ், அதாவது சூளையில உருகி கண்ணாடி மாதிரி ஒட்டிக்கிற மேல்பூச்சு, அந்த மண்ணோட ஒத்துப்போகுதா, இந்த மூணையும்தான் பாக்கணும்.

எனக்கு இது புரிஞ்சது ஒரு கப்பால. ரொம்ப ஆசைப்பட்டு வாங்குனது, வெளிப்பக்கம் வனைஞ்சவங்க விரல் தடம் வரி வரியா தெரியும், கையில பிடிச்சா அவ்ளோ பாந்தமா இருக்கும். ஆனா தினமும் காலையில மேஜையில வச்சு எடுத்தா அடியில வட்டமா ஈரம் நிக்கும், நான்தான் சிந்திட்டேன்னு நெனச்சு துடைச்சுட்டே இருந்தேன். அப்புறம் கவனிச்சா மைக்ரோவேவ்ல வச்சு எடுக்கும்போது உள்ள இருக்குறது வெதுவெதுன்னுதான் இருக்கும், கைப்பிடி மட்டும் தொட முடியாத அளவுக்கு சுடும். ஒரு நாள் அந்தக் கப்ப நல்லா காய வச்சு சமையல் தராசுல வச்சேன், 340 கிராம். ராத்திரி முழுக்க தண்ணியில முக்கி வச்சு காலையில ஒரு சொட்டு இல்லாம துடைச்சுட்டு மறுபடி வச்சேன், 361 கிராம். 21 கிராம் தண்ணி அந்த மண்ணுக்குள்ளயே உக்காந்துருக்கு, கணக்குப் போட்டா 6 சதவீதத்துக்கு மேல. மைக்ரோவேவ்ல சூடானது அந்தத் தண்ணிதான், மேஜையில ஈரமா கசிஞ்சதும் அதேதான்.

இதோட காரணம் சூளையில இருக்கு. களிமண்ண சுடும்போது சூடு ஏற ஏற அதுல இருக்குற ஃபெல்ட்ஸ்பார் மாதிரி தாதுக்கள் உருகி, மண் துகளுக்கு நடுவுல இருக்குற சின்னச் சின்ன ஓட்டைய எல்லாம் கண்ணாடி மாதிரி அடைச்சுரும். எர்த்தன்வேர்னு சொல்ற ரகத்த சுமாரா 1000-லருந்து 1150 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் சுடுறாங்க, அந்தச் சூட்டுல ஓட்டை முழுசா அடைபடாது, அதனால தண்ணி குடிக்கும். ஸ்டோன்வேர் 1200-லருந்து 1300, போர்சலின் அதுக்கும் மேல 1400 வரைக்கும் போகும். நல்லா வெந்த போர்சலின் தன் எடையில 0.5 சதவீதம் கூட தண்ணி எடுக்காது, அதாவது 400 கிராம் தட்டுன்னா ராத்திரி முழுக்க ஊறுனாலும் 2 கிராமுக்கு மேல கூடக்கூடாது. கையால வனைஞ்ச ஸ்டோன்வேர்ல ஒண்ணு ரெண்டு சதவீதம் இருந்தா நான் ஏத்துக்குவேன், அதுக்கு மேல போனா தினசரி புழக்கத்துக்கு வேண்டாம், காஞ்ச பொருள் போட்டு வைக்க வச்சுக்கலாம்.

கடையில தராசும் ராத்திரியும் கிடைக்காது, அதனால அங்க செய்யறது வேற. பாத்திரத்தோட அடியில தரையில உக்கார்ற வளையம் ஒண்ணு இருக்கும், பெரும்பாலும் அதுல கிளேஸ் இருக்காது, ஏன்னா கிளேஸ் பூசுனா சூளைப் பலகையோடயே ஒட்டிக்கும். அந்த வெறும் மண்ணுல விரல ஈரமாக்கி ஒரு தடவு தடவுங்க. ஈரம் அப்படியே மேல நின்னு மெதுவா காஞ்சா மண்ணு நல்லா வெந்துருக்கு, தொட்ட உடனே உறிஞ்சிட்டு அந்த இடம் கறுத்துப்போனா வேகல. பத்து செகண்ட் வேலைதான், ஆனா லேபிள்ல எழுதுன எதையும் விட இதைத்தான் நான் நம்புறேன். அதே வளையம் சொரசொரன்னு இருந்தா அடுக்கி வைக்கும்போது கீழ இருக்குற தட்டோட முகத்த கீறிரும். வாங்கிட்டு வந்த பிறகு நல்ல பொடி உப்புத்தாள தண்ணியில நனைச்சு லேசா தேய்ச்சா சரியாகும், காஞ்ச தாள்ல தேய்க்காதீங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

அடுத்தது தட்டிப் பாக்குறது. உள்ளங்கையில வச்சுப் பிடிக்காம விரல் நுனியில ஏந்திக்கிட்டு, விரல் முட்டியால விளிம்புல ஒரு தட்டு. கணீர்னு கொஞ்ச நேரம் நின்னு கேட்டா நல்லது, டப்புன்னு செத்த சத்தம் வந்தா எங்கயோ விரிசல் இருக்கலாம், இல்ல மண்ணு வேகாம இருக்கலாம். தடிமனான கப்புல சத்தம் இயல்பாவே கம்மியா இருக்கும், அதனால ஒண்ண மட்டும் தட்டி முடிவு பண்ணாம அதே மாதிரி நாலஞ்ச தட்டிப் பாருங்க, அதுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி கேட்டா அதை வாங்காதீங்க.

போர்சலினா இல்லையான்னு தெரியணும்னா பின்னாடி மொபைல் டார்ச்ச அடிச்சு நடுவுல விரல வைங்க, விரல் நிழல் தெரிஞ்சா அது போர்சலினாவோ, எலும்புச் சாம்பல் கலந்து செய்யற போன் சைனாவாவோ இருக்கும், ஸ்டோன்வேர்ல வெளிச்சம் ஊடுருவாது. போன் சைனாவ பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், பாத்தா தொட்டா உடைஞ்சுரும் போல இருக்கும், அதனாலயே நிறையப் பேர் அதை வாங்கி ஷோகேஸ்ல வச்சு பூட்டிர்றாங்க, எனக்கு அதைப் பாத்தா மனசு வலிக்கும். 1790கள்ல இங்கிலாந்துல ஸ்டோக்ல ஜோசையா ஸ்போட் அதோட கலவைய ஒரு நிலைக்குக் கொண்டு வந்தாரு, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி மாட்டு எலும்புச் சாம்பல், மீதி சைனா களிமண்ணும் கார்ன்வால் பகுதி கல்லும். அந்தச் சாம்பல்தான் வெண்மைக்கும் அந்த ஒளிக்கும் காரணம், மெல்லிசா இருந்தாலும் விளிம்பு அவ்ளோ லேசுல சில்லு தெறிக்காது. தாராளமா தினமும் சாப்பிடலாம். எலும்புச் சாம்பல் வேண்டாம்னு நெனைக்கிறவங்க போர்சலின் எடுத்துக்குங்க, உறுதியில குறைவில்ல.

இப்ப கிளேஸ். வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பிடிச்சு பாருங்க, சிலந்தி வலை மாதிரி மெல்லிசா கோடு கோடா தெரிஞ்சா அதுக்குப் பேரு கிரேஸிங். சூளையிலருந்து ஆறும்போது கிளேஸ் மண்ண விட அதிகமா சுருங்கிருச்சுன்னா அது இறுக்கம் தாங்காம வெடிக்குது. அலங்காரத்துக்குன்னு வேணும்னே அப்படிச் செய்யறவங்களும் இருக்காங்க, ஜாடிக்கு அழகுதான், சாப்பிடுற தட்டுக்கு வேண்டாம். நல்லா வெந்த மண்ணா இருந்தா அந்தக் கோடு உள்ள தண்ணிய விடாது, ஆனாலும் பாத்திரத்தோட பலம் குறைஞ்சுரும். வேகாத மண்ணா இருந்தா கோடு வழியா எண்ணெயும் ஈரமும் உள்ள இறங்கி பழுப்பு புடிச்சு கடைசில நாறும், எத்தனை தடவ கழுவுனாலும் போகாது. வாங்கும்போது கோடு இல்லாம ரெண்டு வருஷம் கழிச்சு வர்றதும் உண்டு, ஏன்னா வேகாத மண்ணு ஈரத்த உறிஞ்சி உறிஞ்சி மெல்ல உப்பும், மேல இருக்குற கிளேஸ் அதோட சேந்து விரியாது. அதனாலதான் அந்த விரல் ஈர டெஸ்ட்ட நான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

பளபளப்பில்லாத மேட் கிளேஸ் இப்ப நிறைய வருது, போட்டோல ரொம்ப நல்லா இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரர் கிட்ட கேட்டுட்டு ஒரு ஸ்டீல் ஸ்பூன அது மேல லேசா இழுத்துப் பாருங்க. சாம்பல் கலர்ல கோடு விழுந்தா, அது தட்டு கீறுனது இல்ல, ஸ்பூன்லருந்து உலோகம் தேஞ்சு தட்டுல ஒட்டுனது. ஆக்சாலிக் ஆசிட் கலந்த பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்ச்சா போகும், பேக்கிங் சோடாவ குழைச்சும் தேய்க்கலாம், ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவ அந்த வேலை செய்ய மனசு இருக்கான்னு யோசிச்சுக்குங்க.

டிசைன் கிளேஸுக்கு மேல இருக்கா கீழ இருக்கான்னு விரல் நுனியால தடவுனாலே தெரியும். பூ லேசா மேடா தட்டுப்பட்டா அது கிளேஸுக்கு மேல வரைஞ்சு 800 டிகிரி சுமாருல மறுபடி சுட்டது, டிஷ்வாஷர் பவுடரோட காரத்துல வருஷக் கணக்குல மங்கிட்டே போகும். வழவழன்னு ஒண்ணுமே தட்டுப்படலன்னா பூ கிளேஸுக்கு அடியில பத்திரமா இருக்கு. நீலமும் வெள்ளையும் கலந்த பாத்திரம் ஏன் உலகம் பூரா இவ்ளோ இருக்குன்னா, கோபால்ட் நீலம் போர்சலின் சூட்டையும் தாங்கும், அதனால கிளேஸுக்கு அடியிலயே வரைய முடிஞ்சுது. சீனாவுல ஜிங்டெசென்ல 14ம் நூற்றாண்டுல செஞ்ச தட்டுல இன்னும் அந்த நீலம் அப்படியே இருக்கு. தங்க விளிம்பு போட்டது மைக்ரோவேவ்ல வைக்கவே கூடாது, பொறி பறக்கும்.

ஈயம் பத்தி விளையாட்டா இருக்காதீங்க. குறைஞ்ச சூட்டுலயே கிளேஸ் உருகணும்னு அந்தக் காலத்துல ஈயம் சேத்தாங்க, பளிச்சுன்னு சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் வர்றதுக்கு கேட்மியம். அமெரிக்காவுல 1936ல வந்த ஃபியஸ்டா பாத்திரத்தோட சிவப்புக்கு யுரேனியம் ஆக்சைடே போட்டாங்க. பழைய பாத்திரம், எங்க செஞ்சதுன்னே தெரியாத பாத்திரம், கிளேஸ் உதிர்ந்தது, கோடு விழுந்தது, இதுல எல்லாம் புளிப்பான எதையும் வைக்காதீங்க, சூடாவும் குடிக்காதீங்க, செவுத்துல மாட்டி அழகு பாருங்க. லேப்ல பண்றது என்னன்னா 4 சதவீத அசெட்டிக் ஆசிட்ட பாத்திரத்துல ஊத்தி 24 மணி நேரம் வச்சு எவ்ளோ ஈயம் கரைஞ்சு வருதுன்னு அளக்குறது. வீட்டுல தடவிப் பாக்குற ஸ்வாப்ல ஒண்ணும் வரலைங்கறத வச்சு பத்திரம்னு முடிவு பண்ணிறாதீங்க.

வனையறவங்க கிட்ட நேரா வாங்குனா மூணு கேள்வி கேளுங்க: எந்த கோன்ல சுட்டீங்க, அந்த மண்ணு எந்த கோனுக்கு உண்டானது, உள்பக்க கிளேஸ லேப்ல குடுத்து பாத்தீங்களா. கோன்ங்கறது சூளைக்குள்ள வைக்கிற சின்னக் கூம்பு, உள்ள போதுமான சூடு ஏறுனதும் வளைஞ்சு சாயும், 1886ல ஹெர்மன் சேகர்னு ஒரு ஜெர்மன்காரர் கொண்டு வந்தது. இப்ப புழக்கத்துல இருக்குற கோன் 6 சுமாரா 1220-லருந்து 1240, கோன் 10 சுமாரா 1300 டிகிரி. கோன் 10 மண்ண வாங்கி கரண்டு மிச்சம் பண்ண கோன் 6ல சுட்டா பாக்க ஒண்ணும் தெரியாது, ஆனா மண்ணு அரைவேக்காடு. நல்லா செய்யறவங்க இந்தக் கேள்விக்கு சந்தோஷமா உக்காந்து பதில் சொல்லுவாங்க, நான் பாத்த வரைக்கும் அவங்களுக்கு இதைப் பேசுறதே பிடிக்கும்.

எதை கையால செஞ்சதா வாங்கணும் எதை ஃபேக்டரியில வாங்கணும்னா, என் கணக்கு இது. தட்டு ஃபேக்டரி போர்சலின்லயோ ஸ்டோன்வேர்லயோ வாங்குங்க, ஏன்னா அகலமான தட்டையான பொருள் சூளையில லேசா கோணும், கையால செஞ்ச பத்துத் தட்ட அடுக்குனா கோபுரம் சாயும், அடுக்குல ஆடுற தட்டுதான் முதல்ல உடையும். விளிம்பு கத்தி மாதிரி கூரா இல்லாம உருண்டு கொஞ்சம் தடிச்சு இருக்கணும். கிண்ணமும் கப்பும் கையால வனைஞ்சதா வாங்குங்க, வட்டமான ஆழமான வடிவம் சக்கரத்துல இயல்பா வருது, உறுதியாவும் இருக்கும், தினமும் உள்ளங்கையில ஏந்துறது அதைத்தானே. பெர்னார்ட் லீச்னு ஒரு இங்கிலாந்துக் குயவரும் ஹமாடா ஷோஜின்னு ஒரு ஜப்பான் குயவரும் 1920ல இங்கிலாந்துல செயின்ட் ஐவ்ஸ்ல ஆரம்பிச்ச பட்டறையில பின்னால ஸ்டாண்டர்ட் வேர்னு ஒரே வடிவத்த திரும்பத் திரும்ப வனைஞ்சு புழக்கத்துக்குன்னே வித்தாங்க. அப்படி ஒரே கிண்ணத்த நூத்துக்கணக்குல வனைஞ்ச கையத் தேடுங்க, எடை சமமா இருக்கும், ஒண்ணு உடைஞ்சா அதே மாதிரி இன்னொண்ணும் கிடைக்கும்.

கப்ப வெறுமனே தூக்கிப் பாத்து முடிவு பண்ணாதீங்க, உள்ள 300 மில்லி ஊத்துனா 300 கிராம் கூடும், அந்தக் கனத்த மூணு விரலால தாங்க முடியுமான்னு பாருங்க. கைப்பிடி உடம்போட சேர்ற ரெண்டு இடத்துலயும் மயிரிழை விரிசல் இருக்கான்னு கண்ணு பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

மூட்டு வலி, மணிக்கட்டு வலி இருக்குறவங்க, ரொம்ப சின்னப் பிள்ளைங்க இருக்குற வீடு, இவங்களுக்கு லேசான கண்ணாடித் தட்டுதான் நல்லது, 1970லருந்து வர்ற கொரெல்ங்கற பிராண்டு தட்டு மூணு அடுக்கு கண்ணாடி, கனமே இல்ல, சுலபத்துல உடையாது. உடைஞ்சா மட்டும் கூரான சில்லு ரொம்ப தூரம் தெறிக்கும், அதை மனசுல வச்சுக்குங்க.

வாங்கிட்டு வந்த பிறகு பெரிய பராமரிப்பு ஒண்ணும் இல்ல. ஃபிரிட்ஜ்லருந்து எடுத்து நேரா சூடான ஓவன்ல வைக்காதீங்க, அடுப்பு மேல வைக்கவே வைக்காதீங்க. கிண்ணத்துக்குள்ள கிண்ணம் அடுக்கும்போது நடுவுல ஒரு துணித்துண்டு. கப்புக்குள்ள கப்ப சொருகாதீங்க. விளிம்புல சில்லு போனத சாப்பிட வச்சுக்க வேண்டாம், கடைப் பசையில ஒட்டுனதும் வேண்டாம், அந்தப் பசையில நிறைய சாப்பாட்டுக்கு உண்டானது இல்ல.

செட்டா வாங்காதீங்க. பன்னெண்டு பேருக்குன்னு பெட்டியில வர்றதுல பாதி வெளியவே வராது, அந்த டிசைன் நின்னுபோனா உடைஞ்சதுக்கு மாத்தும் கிடைக்காது. தனித்தனியா விக்கிறதா பாத்து முதல்ல ஒரே ஒரு கிண்ணம் வாங்கி ஒரு மாசம் மூணு வேளையும் அதுலயே சாப்பிடுங்க. மாசக் கடைசில நல்லா காய வச்சு ராத்திரி தண்ணியில போட்டு எடை பாருங்க, வெளிச்சத்துல சாய்ச்சு கோடு விழுந்துருக்கான்னு பாருங்க, அடி வளையத்த மோந்து பாருங்க. மூணும் சரியா இருந்தா அதே கைகிட்ட போய் இன்னும் அஞ்சு வாங்கிக்குங்க.