ஐந்து பக்க வலைத்தளத்தை ஒப்படைப்புக்காக உருவாக்குதல்: தொடக்கநிலை மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஒரு பக்கத்தை நன்றாக வடிவமைக்கத் தெரிந்த மாணவர்களும், அதையே நான்கைந்து பக்கங்கள் கொண்ட தளமாக விரிக்கும்போது தடுமாறுவதுண்டு. மெனு, தலைப்பகுதி, அடிப்பகுதி, நிறங்கள், கோப்புகளின் பெயர்கள் ஆகிய அனைத்தும் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை என்பதால், அவற்றுள் ஒன்றை முடிவு செய்யாமல் விட்டாலும் அந்தக் குறை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாகத் தலைகாட்டும். ஆகவே பொதுவான பகுதிகளை முதலில் தீர்மானித்து, ஒரே ஒரு மாதிரிப் பக்கத்தில் அவற்றை முழுமையாகச் சரிபார்த்த பின்னரே மற்றப் பக்கங்களை உருவாக்கும் முறை இங்கே விளக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, மாணவர் வானியல் மன்றம் ஒன்றுக்கான தளத்தை எடுத்துக்கொள்வோம். குறிச்சொற்களும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன; எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

படி 1: பக்கங்களைத் தாளில் தீர்மானித்தல்

கணினியைத் திறப்பதற்கு முன், ஒப்படைப்புக்குரிய அறிவுறுத்தலை ஒருமுறை நிதானமாகப் படித்து, குறைந்தபட்சம் எத்தனை பக்கங்கள் வேண்டும், படிவமோ அட்டவணையோ கட்டாயமா, எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பவர் எதைத் தெரிந்துகொண்டு செல்வார்? வானியல் மன்றத் தளத்துக்கு முகப்பு, தொலைநோக்கி வழிகாட்டி, நிகழ்ச்சிகள், படங்கள், தொடர்பு என ஐந்து பக்கங்கள் போதும். இரண்டு பக்கங்களுக்கு ஏறத்தாழ ஒரே வாக்கியம் அமைந்தால் அவற்றை ஒன்றாக்கிவிடுவது நல்லது. எண்ணிக்கையை நிரப்புவதற்காகச் சேர்க்கப்படும் 'எங்களைப் பற்றி' என்னும் மூன்று வரிப் பக்கம் மதிப்பெண்ணைக் கூட்டுவதில்லை.

படி 2: கோப்புறையும் பெயர்களும்

சிறியதாகத் தோன்றினாலும் மிக அதிகமான பிழைகள் பிறக்குமிடம் இதுவே. தளத்துக்கென ஒரு கோப்புறையை உருவாக்கி, ஐந்து பக்கக் கோப்புகளையும் அதன் மேல்மட்டத்திலேயே வைத்து, படங்களுக்கு 'இமேஜஸ்' என்றும், நிறம், எழுத்தளவு போன்ற தோற்றத்தை வகுக்கும் நடைக் கோப்புக்கு 'சிஎஸ்எஸ்' என்றும் இரண்டு உட்கோப்புறைகள் அமையுங்கள். முகப்புப் பக்கத்தின் பெயர் 'இன்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்' என்றே இருக்க வேண்டும். ஒருவர் தளத்தின் முகவரியை மட்டும் தட்டும்போது தளத்தைச் சேமித்துவைத்து அனுப்பும் கணினிகளான சர்வர்களில் பெரும்பாலானவை இந்தப் பெயருள்ள கோப்பைத்தான் தேடி அனுப்புகின்றன.

பெயர்களில் இடைவெளியும் பேரெழுத்தும் வேண்டாம்; இரண்டு சொற்களை இணைக்க இடைக்கோடு போதும். விண்டோஸில் ஒரு படத்தின் பெயர் பேரெழுத்தில் தொடங்கினாலும் சிற்றெழுத்தில் தொடங்கினாலும் ஒன்றாகவே கருதப்படும். ஆனால் வலைத்தளங்கள் பலவும் இயங்கும் லினக்ஸ் சர்வரில் அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். தன் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த படம், ஏற்றிய பிறகு காணாமற்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விண்டோஸ் இயல்பாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்துவைப்பதால், நோட்பேடில் சேமித்த பக்கம் 'இன்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி' என்று முடிந்திருப்பதும் கண்ணில் படாது. கோப்பு உலாவியின் அமைப்பில் பின்னொட்டுகள் தெரியும்படி முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

படி 3: மாதிரிப் பக்கத்தின் எலும்புக்கூடு

முகப்பைவிட, நடுத்தரமான உள்ளடக்கம் கொண்ட ஒரு பக்கத்தை மாதிரியாக எடுப்பதே என் பரிந்துரை. முகப்பில் மட்டுமே இடம்பெறும் பெரிய படமும் வரவேற்பு வாசகமும் பொதுவான அமைப்பைத் தீர்மானித்துவிடும் ஆபத்து அதனால் குறைகிறது. இங்கே 'தொலைநோக்கி வழிகாட்டி' பொருத்தமானது.

கோப்பின் முதல் வரி, இது எந்த வகை ஆவணம் என்று உலாவிக்குச் சொல்லும் டாக்டைப் அறிவிப்பு. அது இல்லாவிட்டால் உலாவி பழைய கால விதிகளைப் பின்பற்றும் நிலைக்கு மாறி, அகலங்களையும் இடைவெளிகளையும் வேறு விதமாகக் கணக்கிடக்கூடும். அடுத்து வரும் ஹெச்டிஎம்எல் குறிச்சொல்லில், பக்கத்தின் மொழியைக் குறிக்கும் 'லாங்' பண்புக்குத் தமிழின் ஈரெழுத்துக் குறியீடான 'டிஏ' என்பதைத் தருவதன் மூலம், பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் சரியான குரலைத் தேர்ந்தெடுக்க வழி செய்கிறீர்கள். தலைப்பிரிவான 'ஹெட்' பகுதிக்குள் மூன்று வரிகள் தவறாமல் வேண்டும். முதலாவது, எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மெட்டா வரி. இது இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகச் சிதறித் தோன்றக்கூடும். இரண்டாவது, பக்கத்தின் அகலத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் வரி. இதை விட்டுவிட்டால் கைபேசி உலாவி தன் திரையை ஏறத்தாழ 980 பிக்சல் அகலமுள்ளதாகக் கருதி, பக்கம் முழுவதையும் எறும்பளவுக்குச் சுருக்கிக் காட்டும். மூன்றாவது, உலாவியின் தாவலில் தெரியும், அந்தப் பக்கத்துக்கே உரிய டைட்டில்.

'பாடி' பகுதிக்குள் ஹெடர் (தலைப்பகுதி), நேவ் (மெனு), மெயின் (முதன்மை உள்ளடக்கம்), ஃபுட்டர் (அடிப்பகுதி) என்னும் நான்கு பகுதிகளை அமையுங்கள். எல்லாவற்றுக்கும் பொருள் எதையும் சுட்டாத பொதுப் பெட்டியான டிவ் குறிச்சொல்லையே பயன்படுத்தினாலும் பக்கம் அதே போலத் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் 2014ஆம் ஆண்டு அக்டோபரில், வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வெளியான ஹெச்டிஎம்எல்5 இந்தப் பெயர்களைத் தந்ததற்குக் காரணமே, பகுதியின் பொருளை உலாவிக்கும் திரைவாசிப்பானுக்கும் உணர்த்துவதுதான். பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்கு ஹெச்1 ஒருமுறை மட்டும், உட்தலைப்புகளுக்கு ஹெச்2. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலைப்பு நிலையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, அளவு நடைக் கோப்பின் பொறுப்பு.

படி 4: மெனுவும் பாதைகளும்

மெனுவை நேவ் பகுதிக்குள் ஒரு பட்டியலாக எழுதுங்கள். ஐந்து பக்கங்களிலும் அதே சொற்கள், அதே வரிசை. தற்போது திறந்திருக்கும் பக்கத்தின் இணைப்பை மெனுவிலிருந்து நீக்குவதைவிட, அதற்கு 'ஏரியா-கரன்ட்' என்னும் பண்பைச் சேர்த்து அதன் மதிப்பாகப் 'பேஜ்' என்று தருவது மேல். திரைவாசிப்பான் அதை அறிவிக்கும், நடைக் கோப்பில் அதே பண்பைப் பிடித்து அடிக்கோடும் இடலாம்.

இணைப்புகள் யாவும் சார்புப் பாதைகளாக இருக்க வேண்டும். அதாவது, ஒரே மட்டத்தில் உள்ள பக்கத்துக்குக் கோப்பின் பெயர் மட்டும் போதும்; படத்துக்குக் கோப்புறைப் பெயர், முன்சாய்கோடு, கோப்புப் பெயர் என்ற வரிசை போதும். சி டிரைவில் தொடங்கும் முழுப் பாதையை ஒட்டினால் உங்கள் கணினியில் படம் தெரியும், ஆசிரியரின் கணினியில் தெரியாது. விண்டோஸ் பழக்கத்தில் பின்சாய்கோடு இடுவதையும் தவிர்க்க வேண்டும். பாதையை முன்சாய்கோட்டில் தொடங்குவது இன்னும் நுட்பமான சிக்கல்: அது தளத்தின் வேரிலிருந்து தேடு என்று பொருள்படும். தளங்களை இணையத்தில் வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் ஒரு செய்திட்டத் தளம் பயனரின் முகவரிக்குக் கீழே ஓர் உட்கோப்புறையாகவே அமைவதால், அப்படிப்பட்ட பாதை அங்கே தவறான இடத்தைச் சுட்டும்.

படி 5: ஒரே நடைக் கோப்பு

ஐந்து பக்கங்களுக்கும் ஒரே சிஎஸ்எஸ் கோப்பு. பக்கத்துக்குள்ளேயே ஸ்டைல் பண்பு எழுதும் பழக்கம் வந்துவிட்டால், பிறகு ஒரு நிறத்தை மாற்ற ஐந்து கோப்புகளைத் திறக்க வேண்டியிருக்கும். கோப்பின் தொடக்கத்தில் 'ரூட்' தேர்வியின் கீழ் பின்னணி, எழுத்து, அழுத்த நிறம் என மூன்று அல்லது நான்கு நிறங்களை மாறிகளாக அறிவித்து, மற்ற இடங்களில் மாறியின் பெயரையே பயன்படுத்துங்கள். வானியல் தளம் என்றதும் கரும்பின்னணியில் அடர்நீல எழுத்து வைக்கத் தோன்றும். அது படிக்க உதவாது. வலைத்தளங்கள் எல்லோருக்கும் எட்டும்படி அமைவதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையின் ஏஏ நிலை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்னும் ஒளி வேறுபாட்டைக் கேட்கிறது. வெள்ளைப் பின்னணியில் 767676 என்னும் சாம்பல் நிறம் இந்த எல்லையைச் சற்றே தாண்டுகிறது என்பதால், அதைவிட வெளிறிய சாம்பலில் பத்திகளை எழுத வேண்டாம்.

தமிழ் எழுத்துகளில் உயிர்மெய்க் குறிகள் சில மேலும் கீழும் நீள்வதால், வரி உயரம் 1.6 அல்லது 1.7 இருந்தால் வரிகள் நெருக்கியடிக்காது. நம் சொற்கள் நீளமானவை, ஆகையால் குறுகிய திரையில் பெரிய தலைப்பு வெளியே வழியக்கூடும். 'ஓவர்ஃப்ளோ-ரேப்' பண்புக்கு 'பிரேக்-வேர்ட்' மதிப்பைத் தந்தால் அது தடுக்கப்படும். மெனுவுக்கு, இணைப்புகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ் அமைப்பையும், இடம் போதாதபோது அவற்றை அடுத்த வரிக்கு இறக்கும் 'ரேப்' மதிப்பையும் கொடுத்துவிட்டால், கைபேசியில் தனியாக ஒரு மடிப்பு மெனு எழுத வேண்டிய தேவையே ஐந்து பக்கத் தளத்துக்கு எழாது. படங்களுக்கு 'மேக்ஸ்-விட்த்' 100 சதவீதம், உயரம் 'ஆட்டோ'. தானாக நகரும் படவரிசையைச் சேர்க்க ஆசைப்படும் மாணவர்கள் அந்த நேரத்தைப் பத்திகளைத் திருத்தச் செலவிட்டால் தளம் உண்மையிலேயே மேம்படும்.

கோப்பை மாற்றியும் உலாவியில் மாற்றம் தெரியவில்லை என்றால், அது பழைய நகலைக் காட்டிக்கொண்டிருக்கலாம். விண்டோஸில் கன்ட்ரோல் விசையுடன் எஃப்5 அழுத்திப் பாருங்கள்.

படி 6: மற்றப் பக்கங்களைப் பெருக்குதல்

மாதிரிப் பக்கம் குறையின்றி அமைந்த பின்னரே நான்கு நகல்கள் எடுங்கள். ஒவ்வொரு நகலிலும் மாற வேண்டியவை டைட்டில், ஹெச்1, ஏரியா-கரன்ட் இடப்பட்ட இணைப்பு, மெயின் பகுதியின் உள்ளடக்கம் ஆகியவை மட்டுமே. ஐந்து தாவல்களும் ஒரே டைட்டிலைக் காட்டினால், நகலெடுத்தபின் திருத்த மறந்தது உடனே தெரிந்துவிடும். பிற்பாடு மெனுவில் ஒரு சொல்லை மாற்ற நேர்ந்தால், விஎஸ் கோட் எடிட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஹெச் விசைகளைச் சேர்த்து அழுத்தி, எல்லாக் கோப்புகளிலும் ஒரே வேளையில் மாற்றலாம். மெனுவைத் தனிக் கோப்பில் வைத்து ஜாவாஸ்கிரிப்டின் 'ஃபெட்ச்' மூலம் ஏற்றும் உத்தி கவர்ச்சியானது. ஆனால் கோப்பை இருமுறை சொடுக்கி நேரடியாகத் திறக்கும்போது உலாவிகள் பாதுகாப்புக் கருதி அதைத் தடுக்கின்றன என்பதால், ஆசிரியர் மெனுவே இல்லாத தளத்தைக் காண நேரிடும்.

படி 7: படம், அட்டவணை, படிவம்

கைபேசிப் படங்கள் 4000 பிக்சல் அகலமோ அதற்கு மேலோ இருக்கக்கூடும். 1200 பிக்சலுக்குக் குறைத்தே சேருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 'ஆல்ட்' விளக்கம் வேண்டும்: 'படம்' என்றல்ல, 'முழுநிலவின் மேற்பரப்பில் தெரியும் பள்ளங்கள்' என்று. தேடுபொறியில் கிடைத்ததையெல்லாம் எடுக்காமல், உரிம விவரம் வெளிப்படையாக உள்ள விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடங்களிலிருந்து எடுத்து, படத்தின் கீழேயே உரியவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிடுங்கள்.

அட்டவணை, நிகழ்ச்சிகளின் நாளையும் நேரத்தையும் காட்டுவதற்கே. பக்கத்தை இரண்டாகப் பிரிப்பதற்கு அன்று. தொடர்புப் பக்கத்தின் படிவத்தில் ஒவ்வொரு உள்ளீட்டுப் பெட்டிக்கும் ஒரு லேபிளை, ஐடி வழியாக இணைத்து எழுதுங்கள். சர்வர் பக்க நிரல் இல்லாத தளத்தில் இந்தப் படிவம் செய்தியை எவருக்கும் அனுப்பாது. அதை மறைக்காமல், மாதிரிப் படிவம் என்று பக்கத்திலேயே எழுதிவிடுவது நேர்மையானது.

படி 8: சோதித்து ஒப்படைத்தல்

முழுக் கோப்புறையையும் ஜிப் செய்து, வேறொரு கணினியிலோ குறைந்தது வேறொரு டிரைவிலோ விரித்து, மூலக் கோப்புறையின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். தவறான பாதைகள் எல்லாம் அப்போது வெளிப்படும். ஐந்து பக்கங்களில் தலா ஐந்து மெனு இணைப்புகள், ஆக இருபத்தைந்தையும் சொடுக்குவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். பிறகு டபிள்யூ3சியின் சரிபார்ப்புக் கருவியில் ஒவ்வொரு கோப்பையும் ஏற்றி, பிழைகளை மேலிருந்து கீழாகத் திருத்துங்கள். மூடப்படாத ஒரு குறிச்சொல்லே அடுத்துவரும் பல பிழைச் செய்திகளுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதால், ஒன்றைத் திருத்தியதும் மீண்டும் சோதிப்பது சிக்கனமான வழி. உலாவியின் மேம்பாட்டுக் கருவியில் திரை அகலத்தை 320 பிக்சலாகக் குறைத்து, பக்கவாட்டில் உருட்ட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மவுஸை ஒதுக்கிவைத்து, டேப் விசையால் மட்டும் மெனுவிலிருந்து படிவத்தின் பொத்தான் வரை செல்ல முடிய வேண்டும்.

ஒப்படைக்கும் ஜிப்பில் பயன்படுத்தாத படங்களும் பழைய நகல்களும் இருக்க வேண்டாம். விளக்கக் குறிப்பு கேட்கப்பட்டிருந்தால், படி 1இல் பக்கத்துக்கு ஒன்றாக எழுதிய வாக்கியங்களையே அதன் தொடக்கமாக வைத்து, எந்தப் பக்கத்தில் எந்த முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று அவற்றின் கீழே சேர்த்துக்கொள்ளலாம்.