எதிரில் இருப்பவரை 'நீ' என்று பார்ப்பது எப்படி?

1923-ல் யூதத் தத்துவஞானி மார்ட்டின் பூபர் சொன்னது இது: 'நான்' தனியாக நிற்பதில்லை, ஒன்று 'நான்-நீ', அதாவது எதிரில் இருப்பவரை முழு மனிதராகச் சந்திப்பது, இல்லாவிட்டால் 'நான்-அது', அதாவது அவரை ஒரு பொருளைப்போலப் பார்ப்பது. அடுத்த முறை யாராவது உங்களிடம் பேசும்போது, பதிலை மனதுக்குள் தயார் செய்வதை நிறுத்திவிட்டு, இவரால் நமக்கு என்ன ஆகவேண்டும் என்ற கணக்கையும் ஓரமாக வைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். கஷ்டம்தான். அப்புறம், 'இவர் எப்பவுமே இப்படித்தான்' என்று தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள், அந்த நொடியில் அவர் உங்களுக்கு 'அது' ஆகிவிட்டார். உடனே ஒரு கேள்வி கேளுங்கள், பதில் உங்களுக்கு நிஜமாகவே தெரியாத கேள்வி. நாள் முழுக்க இப்படி இருக்க முடியாது, எந்த 'நீ'யும் திரும்ப 'அது' ஆகத்தான் செய்யும் என்று பூபரே சொல்கிறார், அதனால் குற்ற உணர்ச்சி வேண்டாம். முதலில் வீட்டில் தினமும் பார்க்கிறவரிடம் முயன்று பாருங்கள், பழகிப்போன முகத்தைத்தான் நாம் சரியாகப் பார்ப்பதே இல்லை.