ஹோட்டல் வைஃபை: பெட்டியைத் திறக்கும் முன் பாருங்கள்

'இலவச வைஃபை' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து அறை பதிவு செய்வதுதான் முதல் தவறு. வைஃபை இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். உங்கள் கட்டில் வரைக்கும் எட்டுமா என்பது வேறு கேள்வி.

மதுரையில் ஒரு ஹோட்டலின் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து வேகத்தைச் சோதித்தேன். 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) வந்தது. நிம்மதியாக மேலே போனேன். என் அறை வராந்தாவின் கடைசியில். கதவைச் சாத்தினால் சிக்னல் ஒரு கோடு, திறந்தால் மூன்று கோடு. மறுநாள் காலை ஒன்றரை மணி நேர மீட்டிங்கை வாசலில் நாற்காலி போட்டுத்தான் முடித்தேன். போவோர் வருவோர் பேச்செல்லாம் மறுமுனையில் கேட்டது.

அதனால் சோதனையை அறைக்குள், கதவைச் சாத்திவிட்டு, வேலை செய்யப்போகும் அதே மேசையில் செய்யுங்கள். சிக்னல் மோசமென்றால் ரௌட்டருக்குப் பக்கத்து அறையை அப்போதே கேளுங்கள். துணிமணியை அலமாரியில் அடுக்கிய பிறகு யாருக்கும் அறை மாற மனம் வராது.

சோதிக்கும்போது பலரும் டவுன்லோடு எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். வீடியோ அழைப்பில் உங்கள் முகமும் குரலும் போவது அப்லோடு வழியாக. அது 2, 3 எம்பிபிஎஸ் நிலையாக இருந்தால் சாதாரண மீட்டிங்குக்குப் போதும். மதியம் பார்த்த வேகத்தை இரவுக்கும் நம்பாதீர்கள். ஒன்பது மணிக்கு எல்லா அறையிலும் படம் ஓடும். அப்போது இன்னொரு முறை பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு அறை போடுகிறீர்களா? நம் ஊர் ஹோட்டல்கள் பலவற்றில் வைஃபைக்குள் நுழைய மொபைலுக்கு ஓடிபி வரும். வெளிநாட்டு எண்ணுக்கு அது வராமல் போவதுண்டு. வேறு வழி உண்டா என்று முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள். நுழைவுப் பக்கமே திறக்கவில்லையா? விபிஎன் (இணைய இணைப்பை மறைத்து அனுப்பும் செயலி) ஓடிக்கொண்டிருக்கலாம். அதை அணைத்து, உள்ளே போன பிறகு திரும்பப் போடுங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஹோட்டல் வைஃபையில் சேர்ந்ததும் 'இந்த மென்பொருளைப் புதுப்பியுங்கள்' என்று எதுவாவது எட்டிப் பார்த்தால் தொடவே தொடாதீர்கள். 2014இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்த 'டார்க்ஹோட்டல்' தாக்குதல் இப்படித்தான் நடந்தது. ஆசியாவின் பெரிய ஹோட்டல்களில் தங்கிய அதிகாரிகள் அறை எண்ணையும் பெயரையும் கொடுத்து உள்ளே நுழைந்ததும், அடோபி ஃபிளாஷ் போன்ற மென்பொருள்களின் அப்டேட் என்ற பெயரில் உளவு மென்பொருள் வந்து இறங்கியது. அப்டேட்டையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம், வைஃபையின் சரியான பெயர் எது என்று வரவேற்பில் கேட்டுச் சேருங்கள். கிட்டத்தட்ட அதே பெயரில் வேறொன்றை யார் வேண்டுமானாலும் போனிலிருந்தே உருவாக்கலாம்.

கடைசித் தவறு, மாற்று ஏற்பாடு இல்லாமல் கிளம்புவது. மொபைல் ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்பீர்கள். மலைப்பகுதியில் ஒரு கம்பெனி சிம்முக்கு அறைக்குள் சிக்னலே இருக்காது, இன்னொன்றுக்கு நன்றாக இருக்கும். இரண்டு வேறு கம்பெனி சிம் கையில் இருக்கட்டும். மேசையில் வைஃபையைச் சோதிக்கும்போதே அவற்றையும் சோதித்துவிடுங்கள்.