3 டெஸ்லா எம்.ஆர்.ஐ.யில் சிறுநீரகம்: போல்டு படம் கெடாமல் எடுக்க

போல்டு என்பது திசுவின் ஆக்சிஜன் நிலையைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம்; டெஸ்லா, கருவியின் காந்தப்புல வலிமையின் அலகு. 1.5 டெஸ்லாவில் நன்றாக ஓடிய சிறுநீரக ப்ரோட்டோகாலை (ஸ்கேன் அமைப்புகளின் தொகுப்பை) அப்படியே 3 டெஸ்லாவில் ஏற்றாதீர்கள். சிக்னல் கூடும், உண்மைதான். ஆனால் குடல் காற்று உண்டாக்கும் காந்தப்புலக் கோணலும் இரட்டிப்பாகும். தண்ணீருக்கும் கொழுப்புக்கும் இடையிலான அதிர்வெண் வித்தியாசமும் சுமார் 220 ஹெர்ட்ஸிலிருந்து 440 ஹெர்ட்ஸாகும்.

முதலில் நோயாளி. உடலுக்குள் பொருத்திய கருவி இருந்தால், 1.5 டெஸ்லாவுக்குக் கிடைத்த அனுமதி 3 டெஸ்லாவுக்குச் செல்லாது. கருவியின் விவர அட்டையைப் பார்த்தே உள்ளே அனுப்புங்கள். நான்கு மணி நேரம் வெறும் வயிறு. ஸ்கேனுக்குச் சற்று முன் நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தின் உள்பகுதியான மெடுலாவில் ஆக்சிஜன் நிலை மாறிவிடும். அதனால் எல்லா நோயாளிக்கும் தண்ணீர் விதி ஒன்றாகவே இருக்கட்டும். இல்லையென்றால் ஒருவரின் போல்டு எண்ணை இன்னொருவரோடு ஒப்பிடவே முடியாது.

மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். இழுத்து நிறுத்தினால் சிறுநீரகம் ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் நிற்கும். விட்டு நிறுத்தினால் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பும். மேசையில் படுக்கும் முன்பே இரண்டு முறை பழக்குங்கள். 15 விநாடிக்கு மேல் கேட்காதீர்கள்.

இனி ஷிம், அதாவது காந்தப்புலத்தைச் சீராக்கும் வேலை. பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. கருவி தானாகப் போடும் ஷிம் பெட்டி (சீராக்கும் பகுதியைக் குறிக்கும் கட்டம்) வயிறு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதைச் சுருக்கி, இரண்டு சிறுநீரகங்களை மட்டும் அடக்குங்கள். நுரையீரல் அடிப்பகுதியும் பெருங்குடலும் வெளியே நிற்கட்டும். ஷிம்மையும் அதே மூச்சு நிலையில் எடுக்க வேண்டும். இடது சிறுநீரகத்தின் ஓரம் மட்டும் கறுத்தால், நோய் என்று எண்ணுமுன் பக்கத்துக் குடல் வளைவில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

போல்டுக்குப் பல எக்கோ (உடலிலிருந்து திரும்பி வரும் சிக்னல்) கொண்ட கிரேடியன்ட் எக்கோ முறை: சிறுநீரகத்தின் நீள அச்சுக்கு இணையாகச் சாய்த்த கரோனல் (உடலை முன், பின் எனப் பிரிக்கும் வெட்டு), 5 மி.மீ. தடிமனுள்ள ஸ்லைஸ். எக்கோ நேரங்களை 2.3 மில்லி விநாடியின் மடங்குகளாக வையுங்கள். அப்போது தண்ணீரும் கொழுப்பும் ஒரே கட்டத்தில் இருக்கும், சிக்னல் ஏறி இறங்காது. 1.5 டெஸ்லாவில் இதே கணக்கு 4.6. கடைசி எக்கோ 35 முதல் 40 மில்லி விநாடிக்குள் முடியட்டும். அதற்கு மேல் மெடுலாவின் சிக்னல் இரைச்சலில் மூழ்கி, கணக்கிடும் மதிப்பு பொய்யாகும். பேண்ட்விட்த் (சிக்னலைப் பதியும் அதிர்வெண் அகலம்) ஒரு பிக்சலுக்கு 220 ஹெர்ட்ஸ் என்றால் கொழுப்பு இரண்டு பிக்சல் நகர்ந்து, சிறுநீரகத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புக் கோடும் எதிர் ஓரத்தில் வெள்ளைக் கோடும் விழும். 440-க்கு மேல் வையுங்கள்.

உறுப்பின் அமைப்பைக் காட்டும் டி2 டர்போ ஸ்பின் எக்கோ படத்தில் எஸ்.ஏ.ஆர். (உடல் உறிஞ்சி வெப்பமாகும் ரேடியோ ஆற்றல்) வரம்பு இடிக்கும்; மற்றவை மாறாதிருந்தால் அந்த ஆற்றல் 1.5 டெஸ்லாவைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. டி.ஆரை (ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தை) நீட்டினால் மூச்சடக்கும் நேரமும் நீளும். ரீஃபோகஸிங் கோணத்தை (எக்கோவை உண்டாக்கும் ரேடியோ துடிப்பின் கோணத்தை) 120-130 டிகிரிக்கு இறக்குவதே மேல்.

வயிற்றில் நீர் கோத்தவர்கள், பெரிய நீர்க்கட்டிகளால் வயிறு பெருத்தவர்கள் வந்தால் படத்தின் நடுவே இருண்ட திட்டு விழும். 3 டெஸ்லாவில் ரேடியோ அலையின் நீளம் திசுவுக்குள் ஏறக்குறைய 26 செ.மீ.; வயிற்றின் அகலம் அதைத் தாண்டிவிடுகிறது. இரட்டை டிரான்ஸ்மிட் (ரேடியோ அலையை இரண்டு வழியாக அனுப்பும் வசதி) இருந்தால் போடுங்கள். கட்டிகளின் கனஅளவு மட்டுமே தேவையென்றால் 1.5 டெஸ்லா அறைக்கே அனுப்புங்கள். அங்கே படம் சீராக வரும்.